அம்மாவுக்கு சுகர் 5.9... நல்ல கண்ட்ரோல்தானே டாக்டர்?

வாசகர் கேள்வி:

வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 76 வயது. சுகர் வந்து 19 வருடம் ஆகிறது, பிரஷரும் உண்டு. காலையும் இரவும் சுகர் மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, அப்புறம் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. ஒரு வருடமாகவே ஞாபகம் குறைந்து வருகிறது, கேட்டதையே கேட்கிறார். பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வைத்து, மாதக் கடைசியில் அரை லிட்டர்கூட விடாமல் பால்காரரிடம் கணக்குப் பேசுபவர். இப்போது இரண்டு மாதத் தாள் எழுதாமலே கிடக்கிறது. மறதி நோய் என்பதே மூளைக்கு வரும் சர்க்கரை நோய்தான், அரிசியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று தம்பி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மூன்று மாதமாக அம்மாவுக்கு இரவில் சோறு, இட்லி எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டான். ஒரு கிண்ணம் காயும் மோரும்தான். போன வாரம் எடுத்த மூன்று மாத சுகர் சராசரி (எச்பிஏ1சி) 5.9. “பாரு, எப்படி கண்ட்ரோலுக்கு வந்திருக்கு” என்கிறான். ஆனால் மறதி கூடித்தான் இருக்கிறது. விடிகாலையில் ஜாக்கெட் நனைய வேர்த்து உட்கார்ந்திருக்கிறார், காபி குடித்ததும் தெளிந்துவிடுகிறார். எடை ஒரு வருடத்தில் 58லிருந்து 51 ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, கொழுப்பு மாத்திரையால்தான் மறதி, நிறுத்திவிடு என்கிறார். எனக்கு 49 வயது. ஃபாஸ்டிங் 112, பார்டர் என்றார்கள். பிரஷர் 138/88 காட்டியது, டென்ஷன் என்று விட்டுவிட்டேன். எனக்கும் இந்த நோய் வருமா? ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்:

சகோதரி, உங்கள் தம்பி சந்தோஷப்படுகிற அந்த 5.9தான் உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் சாப்பிட்டு 5.9 கொண்டுவந்தால் நானும் பாராட்டுவேன். 76 வயதில், ஏழு கிலோ இறங்கிய உடம்பில், ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே கொடுத்து வரும் 5.9 வேறு விஷயம். சுகர் அடிக்கடி தாழ்ந்து போகிறது, அந்தத் தாழ்வுகளும் கணக்கில் சேர்ந்துதான் சராசரி இவ்வளவு அழகாக வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விடிகாலை வேர்வையும் காபிக்குத் தெளிவதும் அந்தச் சந்தேகத்தை இன்னும் பலப்படுத்துகின்றன. கடிதத்தை மட்டும் படித்துவிட்டு லோ சுகர்தான் என்று முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இதை இந்த வாரமே பார்த்தாக வேண்டும், அடுத்த மாதச் செக்கப்வரை தள்ளாதீர்கள்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எம் 1, எம் 2 என்றோ, ஜி.பி. 1, ஜி.பி. 2 என்றோ ஒட்டு இருந்தால் பெரும்பாலும் அதில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் கலந்திருக்கும். மெட்ஃபார்மின் தனியாகச் சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். விரத நாளில் “மாத்திரையையாவது விடாமல் போடுவோம்” என்று வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிற அம்மாக்களை நான் நிறையப் பார்க்கிறேன், சஷ்டி வந்தால் ஆறு நாளும் அப்படித்தான். உங்கள் அம்மா விஷயத்தில் தம்பி தினமும் ராத்திரி பாதி விரதம் இருக்க வைத்துவிட்டார். இதோடு வயதானால் சிறுநீரகத்தின் வேகமும் குறையும், மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்த டோஸ், 51 கிலோ எடைக்கும் இன்றைய சிறுநீரகத்துக்கும் கூடுதலாக இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காய் கிண்ணத்தோடு இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ கொடுங்கள், தம்பி என்ன சொன்னாலும் சரி. குளுக்கோமீட்டர் இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் விடிகாலை மூன்று மணிக்கும், வேர்த்து உட்காரும் நேரத்திலும் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். சர்க்கரை என்று எழுதாமல் குளுக்கோஸ் பொடி என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மருந்து கலந்த சில மாத்திரைகளில் வோக்ளிபோஸ் என்று ஒன்று இருக்கும், அது உள்ளே இருந்தால் சாதாரண சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் சேராது. நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடால் இறங்கிய சுகர் ஏறின பிறகும் மறுபடி இறங்கும் என்பதால், தெளிந்துவிட்டாரே என்று வீட்டோடு இருந்துவிடக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வேர்க்கும் நேரத்தில் சுகர் சரியாக இருந்தால், அப்போது எனக்கு இதயத்தின் மேல் சந்தேகம் வரும். சுகர் உள்ள வயதான பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் வேர்வை மட்டுமே வந்து மாரடைப்பு நடப்பது உண்டு. உடனே போய் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். சுகர் மாத்திரையை நீங்களாக முழுசாக நிறுத்தவும் வேண்டாம், எதைக் குறைப்பது என்று அம்மாவைப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டும்.

லோ சுகருக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்பார். மூளை உடம்பின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம்போல அதற்கே போகிறது, அதுவும் குளுக்கோஸாக. தனக்கென்று சொல்லும்படி சேமிப்பும் கிடையாது. இளவயதில் சுகர் இறங்கினால் கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும். வயதானவர்களிடமும் நெடுநாள் சுகர் உள்ளவர்களிடமும் அந்த எச்சரிக்கைகள் மங்கிவிடுகின்றன. வெளியே தெரிவது குழப்பம், எரிச்சல், கேட்டதையே கேட்பது. வீட்டில் அதை மறதி என்கிறோம். அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் டைப் 2 சுகர் உள்ள 16,667 முதியவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2009ல் வெளியான ஆய்வில், மருத்துவமனைக்குப் போக வைக்கும் அளவு லோ சுகர் ஒருமுறை வந்தவர்களுக்கே பின்னாளில் மறதி நோய் அதிகம் வந்திருந்தது. மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு அது ஏறக்குறைய இருமடங்கு. இது இருபக்கமும் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறதி தொடங்கியவர் மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறக்கிறார், சுகர் இறங்குகிறது, மூளை இன்னும் குழம்புகிறது.

சுகரை இறுக்கிப் பிடித்தால் மூளை பிழைக்கும் என்று நினைத்துச் செய்து பார்க்காமலும் இல்லை. அக்கார்டு என்ற பெரிய ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மூன்று மாத சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு அதிகமானதால் 2008ல் அந்த முயற்சியையே நிறுத்த வேண்டி வந்தது. அதில் சுமார் மூவாயிரம் பேரின் நினைவாற்றலைத் தனியாகச் சோதித்ததில் இறுக்கியவர்களுக்கும் இறுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இன்று அமெரிக்க சர்க்கரை நோய் சங்கத்தின் வழிகாட்டலும், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5க்குள், பல நோய்களும் லேசான மறதியும் உள்ளவருக்கு 8க்குள் இருந்தால் போதும் என்கிறது. அதாவது உங்கள் அம்மாவுக்கு 7.6 வந்திருந்தால் நான் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

சரி, லோ சுகரைச் சரிசெய்தால் எல்லாம் திரும்பிவிடுமா? அந்தப் பால் கணக்குதான் என்னைத் தயங்க வைக்கிறது. சாவியை வைத்த இடம் மறப்பதும், தூரத்துச் சொந்தத்தின் பெயர் நாக்கில் வராததும் இந்த வயதில் பெரிய விஷயமில்லை. பல வருடம் யோசிக்காமல் செய்துவந்த வேலை, அதுவும் தானே பெருமையாக நினைத்த வேலை, கைவிட்டுப் போவது வேறு. கணக்கு போட வரவில்லையா, அல்லது மனசே இல்லையா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாள் பால் வாங்கியதை உங்கள் முன்னால் குறிக்கச் சொல்லுங்கள், பரீட்சை மாதிரி வேண்டாம், கூட இருந்து. காலண்டர் முன்னால் நின்று எந்தத் தேதி என்றே தேடினால் அது ஒன்று. “எழுதி என்ன ஆகப்போகுது, விடு” என்று திரும்பிவிட்டால் அது மன அழுத்தமாக இருக்கலாம். முதுமையில் மன அழுத்தம் மறதி வேஷம் போட்டு வருவது சகஜம், அதற்கு மருந்தும் உண்டு.

டாக்டரிடம் கேட்டு எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகளில் பி12தான் எனக்கு முதலில் வேண்டும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், தினமும் கேஸ் மாத்திரை போடுபவர்களுக்கும் குறையும். அம்மா இரண்டும் போடுகிறார், சைவம் என்றால் கேட்கவே வேண்டாம். பி12 குறைவால் வரும் மறதி ஊசியில் தேறக்கூடியது, நாள் கடந்தால் முழுசாகத் தேறாது. அடுத்தது சோடியம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்தால், ஒல்லியான வயதான பெண்களுக்கு உப்புச்சத்து இறங்கி ஆளே மாறிப்போவார்கள். தைராய்டு, கிரியாட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அந்த 5.9 என்ற எண்ணையே நம்ப முடியாது. சமீபத்தில் எங்காவது வழுக்கி விழுந்தாரா என்று கேளுங்கள், தலையில் லேசாக இடித்துக்கொண்டு வாரங்கள் கழித்து உள்ளே ரத்தம் தேங்கியவர்கள் உண்டு. தூக்க மாத்திரை, சளி மாத்திரை என்று கடையில் தானாக வாங்கிப் போடுகிறாரா என்பதையும் பாருங்கள். ஸ்கேன் அதற்கப்புறம். நினைவாற்றலைத் தமிழிலேயே கேட்டுப் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன, நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவப் பிரிவில் செய்வார்கள்.

தம்பி பார்த்த வீடியோவில் இருப்பது முழுப் பொய்யும் இல்லை. 2005ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் டி லா மான்ட்டே குழுவினர், மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் வந்த மூளைகளில் இன்சுலினின் வேலை குலைந்திருப்பதைப் பார்த்து ‘மூன்றாம் வகை சர்க்கரை நோய்’ என்ற பெயரை முன்வைத்தார்கள். இன்சுலினை உடைக்கிற நொதியேதான் அல்சைமரில் சேரும் அமிலாய்டு புரதத்தையும் உடைக்கிறது, ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் கூடுதலாக ஓடினால் அந்தப் பக்கம் கவனிப்பு குறையலாம் என்பது ஒரு விளக்கம். இன்னொன்று இதைவிட எளிமையானது. சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு மூன்றும் மூளைக்குள் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தடிக்க வைக்கின்றன, பெரிய பக்கவாதம் வராமலே அங்கங்கே சிறுசிறு திட்டுகளாக ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. இரண்டும் கலந்த மறதிதான் பலருக்கும். ஆனால் மறதி நோயே சர்க்கரை நோய்தான் என்றால் சர்க்கரை மருந்து அதைத் தடுத்திருக்க வேண்டுமல்லவா? எடை குறைக்கும் ஊசியாக எல்லோரும் பேசும் செமாக்ளுடைடு என்ற சர்க்கரை மருந்தை, மாத்திரை வடிவில், ஆரம்பநிலை அல்சைமர் உள்ள சுமார் 3,800 பேரிடம் இரண்டு ஆய்வுகளில் சோதித்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். நோய் தொடங்கிய பிறகு சுகரைப் பிடிப்பது தாமதமான காரியம் என்பதே என் கருத்து. அரிசியை நிறுத்தி அம்மாவின் மறதியைத் திருப்ப முடியாது, எடைதான் இன்னும் இறங்கும். மறதி நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே எடை தானாகக் குறையத் தொடங்கும் என்பதால், இப்போதைக்கு அவருக்கு வேண்டியது முட்டையோ பருப்போ தயிரோ சேர்ந்த வயிறாரச் சாப்பாடு.

கொழுப்பு மாத்திரை விஷயத்தில் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதற்கு ஒரு மூலம் இருக்கிறது. சிலருக்குத் தற்காலிகமாக ஞாபகக் குழப்பம் வரலாம், நிறுத்தினால் சரியாகிவிடும் என்று 2012ல் அமெரிக்க மருந்துத் துறை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த மாத்திரையால் மறதி நோய் கூடியதாகத் தெரியவில்லை. தவிர, 2024ல் லான்செட் மருத்துவ இதழின் மறதி நோய் ஆணையம், அந்த நோய்க்கான தடுக்கக்கூடிய ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் நடுவயதின் கெட்ட கொழுப்பையே புதிதாகச் சேர்த்தது. அம்மாவுக்கு 19 வருட சுகர், இதயத்துக்கும் மூளைக் குழாய்க்கும் அந்த மாத்திரை ஒரு காவல். நிறுத்தாதீர்கள். பிரஷரை மட்டும் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்டால்கூடச் செய்துதருவார். நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் அந்த மாத்திரையையும் டாக்டர் யோசிக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தளர்த்தச் சொன்ன அதே வாயால் உங்களுக்கு இறுக்கச் சொல்கிறேன், முரண்பாடாகத் தோன்றும். லண்டனில் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை 1985லிருந்து தொடர்ந்து பார்த்துவரும் வைட்ஹால் ஆய்வில், 70 வயதில் கணக்கெடுத்தபோது பத்து வருடத்துக்கு மேல் சுகரோடு இருந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு இருமடங்கு. கடைசி ஐந்து வருடத்துக்குள் சுகர் வந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. எத்தனை வருடம் மூளை அந்தச் சுகரில் ஊறுகிறது என்பதுதான் கணக்கு, அந்த வருடங்கள் உங்களுக்கு இனிமேல்தான் வரப்போகின்றன. சியாட்டில் முதியவர்களிடம் செய்து 2013ல் வெளியான ஆய்வில், சுகரே இல்லாதவர்களிலும் சராசரி குளுக்கோஸ் 115 உள்ளவர்களுக்கு 100 உள்ளவர்களைவிட வாய்ப்பு 18 சதவீதம் கூடியிருந்தது. உங்கள் 112 ஃபாஸ்டிங் எண், அதை அப்படியே இதில் பொருத்தக் கூடாது. ஆனால் ஃபாஸ்டிங்கே 112 என்றால் சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறும் என்று பார்க்காமல் விடக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

பார்டரிலிருந்து திரும்ப முடியுமா என்பதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், பார்டரில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 பேருக்கு வந்தது. இதனால் மறதி நோயும் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆனால் சுகர் வருவதைப் பத்து வருடம் தள்ளிப்போட்டால் வைட்ஹால் கணக்கில் நீங்கள் எந்தப் பக்கம் போய்ச் சேர்வீர்கள் என்று பாருங்கள்.

அந்த 138/88ஐ டென்ஷன் என்று விட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மறதியைத் தடுக்கும் விஷயத்தில் சுகரைவிடப் பிரஷருக்குத்தான் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. ஸ்பிரின்ட் மைண்ட் என்ற ஆய்வு 2019ல் வந்தது, சுகர் இல்லாத, 50 வயதைத் தாண்டிய ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். மேல் அளவை 120க்குக் கொண்டுவந்தவர்களுக்கு, 140க்குள் வைத்திருந்தவர்களைவிட, மறதி நோய்க்கு முந்தைய லேசான நினைவுக் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதி நோயும் குறைவாகத்தான் தெரிந்தது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் மேல் அளவை 130க்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று லான்செட் ஆணையமும் சொல்லியிருக்கிறது. ஒரு வாரம் வீட்டில், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் பார்த்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தாண்டியிருந்தால் தம்பியின் அரிசி யோசனையை அம்மாவுக்குப் பதில் உங்கள் தட்டில் பாதியளவு செய்து பாருங்கள், சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் சுண்டலும் முட்டையும். நம் நாட்டுச் சாப்பாட்டில் சக்தியின் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது, அதனால் குறைக்க நிறைய இடம் இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் இதற்கெல்லாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். தம்பிக்கு அம்மாவின் உடம்பில் இவ்வளவு அக்கறை இருக்கிறதே, சாயங்காலம் முக்கால் மணி நேரம் அவரை அம்மாவோடு உட்காரச் சொல்லுங்கள்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். அபோ இ4 என்ற மரபணு இருந்தால் வாய்ப்பு கூடும், இருந்தும் நோய் வராதவர்கள் நிறைய, இல்லாமலே வந்தவர்களும் நிறைய. ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில் ஒரு வரிகூட மாறாது. அம்மாவுக்கு 76ல் வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பாதி காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். விடிகாலை எடுத்த சுகர் அளவுகளை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது, நீங்கள் சொல்லி அவர் கேட்கமாட்டார். பி12, சோடியம் இரண்டின் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அம்மாவைப் பற்றி அதற்கப்புறம் மேற்கொண்டு பேசலாம்.